மாப்பிள்ளைச் சப்பாத்து

அந்தக் கலியாணம் நாயால்தான் குழம்பியது என்று சொல்லித் திரிகிறவர்களின் வாயில் மண்ணை அள்ளிப் போட வேண்டும். நாய் என்ன செய்யும்? புது மணலைக் கண்டால் நாய் பேளத்தான் செய்யும். அதற்குக் கலியாண வீடும் தெரியாது, எழுவான்கரை மாப்பிள்ளையும் தெரியாது. பேண்டுவிட்டு மண்ணைக் கிளறி மூடிவிட்டும் போகிறது. அவ்வளவு மரியாதையாவது அன்றைக்கு வந்த மனிதர்களிடம் இருந்ததா என்று கேளுங்கள்.

நான் வதனி. ஆச்சிப்பிள்ளையின் வளவுக்கும் என்னுடைய வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். அதிலும் பாதி கறையான் தின்றுவிட்டது. ஊரில் நல்லது கெட்டது எதுவென்றாலும் சமையல் கொட்டிலில் கிடாரத்துக்குப் பக்கத்தில் நிற்பவள் நான். அதனால் அந்த வீட்டில் நடந்தது ஒன்றும் எனக்குக் கேள்விப்பட்ட கதையில்லை, கண்ணால் கண்டது.

எங்கள் ஊர் கொக்கட்டிச்சோலையிலிருந்து இன்னும் உள்ளே, கிறவல் றோட்டு முடிகிற இடத்தில் இருக்கிறது. வாவிக்கு மேற்கே வயலோடு கிடக்கிற நாங்கள் படுவான்கரையார். கிழக்கே கடலும் கடைத்தெருவும் அரசாங்கக் கந்தோரும் உள்ளவர்கள் எழுவான்கரையார். முந்தி ஓடத்தில் கடந்தோம், இப்போது பாலம் இருக்கிறது. பாலம் வந்தும் அவர்கள் எங்களைப் பார்க்கிற பார்வை மாறவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. வீட்டைக் கட்டி, காணி உறுதியைப் பெண்ணின் பேரில் எழுதி வைத்தால்தான் கலியாணப் பேச்சுக்கே ஆள் வரும். கட்டிக்கொள்கிறவன் தன் பெட்டியோடு வந்து அந்த வீட்டில் குடியிருப்பான். தகப்பன் இல்லாத வீட்டில் இந்தப் பாரம் அண்ணன்மார் தலையில் விழும். ஆச்சிப்பிள்ளையின் புருஷன் யோகராசா வட்டையில் வயற்காவலுக்குப் போன இடத்தில் யானை அடித்துச் செத்தவர். அப்போது மூத்தவன் சுதாகரனுக்கு மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. தங்கச்சி நிருஷா பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள்.

சுதாகரன் வயலில் கூலிக்கு நின்றான், உழவு மெசின் ஓடினான், பிறகு கட்டாருக்குப் போனான். சாரதி வேலை என்றுதான் ஏஜென்சிக்காரன் சொன்னான். அங்கே போய்ப் பார்த்தால் ஒரு வெள்ளைக்காரத் துரையின் வீட்டில் நாய் பார்க்கிற வேலை. காலையும் மாலையும் நாய்களை உலாத்தக் கொண்டுபோக வேண்டும், அவை பேள்வதைப் பையில் அள்ள வேண்டும், துரையும் பிள்ளைகளும் அதை மிதித்துக்கொண்டு வந்தால் சப்பாத்துகளைக் கழுவ வேண்டும்.

லீவில் வந்தால் இதையெல்லாம் கிணற்றடியில் நின்று நடித்துக் காட்டுவான். “ஈரத்தில தொட்டா அப்பிக்கொள்ளும் வதனியக்கா. முதல்ல மணல்ல உரசணும். மறுகா ஈர்க்கால சப்பாத்தடிப் பள்ளத்த ஒவ்வொரு கானா நோண்டணும். கடசியாத்தான் தண்ணி. அவசரப்பட்டு முதல்ல தண்ணிய ஊத்தினியள் எண்டா முடிஞ்சிது,” என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு சொல்லும்போது நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். நிருஷா மட்டும் சிரிக்க மாட்டாள். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். எனக்கும் வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்தால் அது இறங்காது.

அப்படி வந்த காசில்தான் அந்தக் கல்வீடு எழும்பியது. முன் விறாந்தை, அறைகள், ஓடு, நிலத்துக்கு மாபிள். கடைசி ஓடு போட்டு முடிந்ததும் அவன் கட்டாரை விட்டு வந்து, குத்தகைக்கு வயல் செய்யத் தொடங்கினான். தனக்கு ஒரு கலியாணம் என்று அவன் வாயே திறக்கவில்லை. நிருஷா முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை நிலோஜன் எழுவான்கரைக்காரன். ஒரு லீசிங் கொம்பனியில் கழுத்துப்பட்டி கட்டுகிற வேலை. தகப்பன் படுக்கையில் கிடந்ததால் தாய்மாமன் உதயரூபன்தான் அந்தப் பக்கத்துக்கு எல்லாம். பென்சன் எடுத்த உத்தியோகத்தர். பென்சன் எடுத்தும் சட்டைப் பையில் இரண்டு பேனை இல்லாமல் வெளிக்கிட மாட்டார்.

பேச்சுக்கு வந்த அன்றைக்கு அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். குசினிக்குள்ளும் எட்டிப் பார்த்தார். வீடு நல்லாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னார். அதோடு விட்டிருக்கலாம், பெருமையில் ஆச்சிப்பிள்ளை வாயைத் திறந்தாள்.

“என்ட மகன் வெள்ளைக்காரன்ட நாய்க்குப் பீ அள்ளித்தான் இந்த வீட்டக் கட்டினவன். தங்கச்சியில அவ்வளவு உசிர்.”

தேத்தண்ணித் தட்டோடு நான் கதவடியில் நின்றேன். உதயரூபன் தலையை ஆட்டி, “அப்பிடியா,” என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணியை உறிஞ்சினார். பின்னால் கூப்பிட்டு, எல்லாவற்றையும் சபையில் கொட்டப்படாதுகா என்று ஆச்சிப்பிள்ளையை ஏசினேன். ஒளிக்கிறதுக்கு இதென்ன களவா என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவள் கேட்டது சரிதான். பிள்ளை பட்ட பாட்டைச் சொன்னால் கேட்கிறவன் பிள்ளையை மதிப்பான் என்று நினைத்தாள் பேதை. எங்களுக்குள் அப்படித்தான் மதிப்போம். அந்த மனிதனின் காதில் பீ என்ற சொல் மட்டும்தான் விழுந்தது, மிச்சம் விழவில்லை.

மாசி மாதத்தில் நாள் வைத்தார்கள். பெரும்போக வெட்டு முடிந்து களவெட்டியில் சூடும் அடித்தாகிவிட்டது. புது நெல்லைக் குற்றி அரிசி வந்திருந்தது. அந்த நேரத்தில் மழை வரக் கூடாது, வந்தது. கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் பிடித்த மழை முற்றத்தைச் சேறாக்கிவிட்டுப் போனது. சுதாகரன் உழவு மெசினில் பெட்டியைப் பூட்டிக்கொண்டு போய் வாவிக்கரைப் பக்கமிருந்து வெள்ளை மணல் ஏற்றி வந்து, வாசல் கடப்படியிலிருந்து விறாந்தைப் படிவரை கொட்டிப் பரவினான். பரவி முடிய நல்லாக விடிந்துவிட்டது. கைகளில் கொப்புளம். அப்படி ஒரு வெள்ளை முற்றத்தை எங்கள் ஊர் கண்டதில்லை.

கறுப்பன் என்று ஒரு நாய் அந்த வளவில் படுத்துக் கிடக்கும். யாருடைய நாயுமில்லை. நிருஷா மிச்சச் சோறு வைப்பாள், அந்த உறவுதான். புது மணலைக் கண்டதும் அதற்குத் தலைகால் தெரியவில்லை. ஓடியது, புரண்டது, பேண்டது, கிளறியது. நான் அகப்பையை ஓங்கிக்கொண்டு துரத்தினேன். சுதாகரன் தேடித் தேடிப் பார்த்து, மண்வெட்டியால் அள்ளி வேலிக்கு அப்பால் வீசினான். மணலுக்குள் ஒளிந்து கிடந்த ஒன்று அவன் கண்ணுக்குத் தப்பியது. அது அவன் பிழையென்றால் அந்தப் பிழை எனக்கும் உண்டு.

மாப்பிள்ளை வீட்டார் வான்களில் வந்து இறங்கினார்கள். மேளம் முழங்கியது, பெண்டுகள் குரவை போட்டார்கள். பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் இறக்கியாகிவிட்டது. பாயாசத்தைக் கிண்டுகிற வேலையை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு நானும் முன்னுக்கு வந்தேன். படியடியில் ஒரு பலகை போட்டிருந்தது. அதில் மாப்பிள்ளை ஏறி நிற்க, பெண்ணின் அண்ணன் செம்புத் தண்ணீரால் கால் கழுவி உள்ளே அழைப்பான். மாப்பிள்ளை அவனுடைய விரலில் மோதிரம் போடுவான். அந்த மோதிரம் சின்ன விஷயமில்லை. இவன்தான் இந்த வீட்டுக்குப் பெரியவன், இவன் சம்மதத்தோடுதான் நான் உள்ளே வருகிறேன் என்று சபைக்கு முன்னால் ஒத்துக்கொள்கிற காரியம் அது. சுதாகரன் புது வேட்டி கட்டி, கழுவித் துலக்கிய செம்போடு நின்றான். கையில் கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது.

நிலோஜன் தலைப்பாகையும் பட்டு வேட்டியுமாக வந்தான். காலில் தங்க நூல் வேலை செய்த சப்பாத்து, கொழும்பில் வாடகைக்கு எடுத்ததாம். நாலடி வைத்தவன் பலகைக்குக் கிட்ட வந்ததும் நின்று ஒரு காலைத் தூக்கினான். மணம் எங்களுக்கும் வந்தது. குரவை பாதியில் நின்றது.

ஒரு கலியாண வீட்டில் இது நடக்காத காரியமா? சிரித்துவிட்டுச் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தால் முடிகிற விஷயம். சுதாகரனும் அதைத்தான் சொன்னான். “கழட்டித் தாங்க மச்சான், நான் ஒரு பக்கம் வைக்கிறன்,” என்றான். உதயரூபன் கையை நீட்டித் தடுத்தார். கால் கழுவுவதற்கு முதல் மாப்பிள்ளை வெறுங்காலை நிலத்தில் வைக்கப்படாதாம், அது ஆகாதாம். காலில் கிடக்கக் கிடக்கவே கழுவிவிட வேண்டுமாம். இப்படி ஒரு முறையை எங்கள் ஊரில் பிறந்து செத்த ஒருத்தரும் கேள்விப்பட்டதில்லை. அந்த இடத்தில் நின்று அவர் வாயில் பிறந்த முறை அது.

நான் முன்னால் போனேன். “விடுங்க, நான் கழுவுறன். நான் சமையலுக்கு நிக்கிறவதானே,” என்றேன்.

“நீங்க விடுங்கக்கா,” என்றார் உதயரூபன். சபைக்குக் கேட்கத்தான் சொன்னார். “தம்பிக்குக் கைவந்த தொழில். கட்டார்ல வெள்ளைக்காரன்ட நாய்க்கே செஞ்சவர், சொந்த மச்சானுக்குச் செய்யமாட்டாரா?”

அவர்கள் பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் பக்கத்திலும் ஒன்றிரண்டு பற்கள் தெரிந்தன. அதையும் நான் பார்த்து வைத்திருக்கிறேன். நிலோஜனும் சிரித்தான். அவன் சிரிக்காமல் நின்றிருந்தால் இந்தக் கதை வேறு. அந்த ஒரு சிரிப்புக்காகவே அவனை இழுத்து அறையலாம் போல எனக்குக் கை துடித்தது.

சுதாகரன் ஆச்சிப்பிள்ளையைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் செம்பை வைத்துவிட்டுக் குந்தினான். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவினான். மாப்பிள்ளையின் காலைத் தூக்கித் தன் தொடையில், அந்தப் புது வேட்டிமேல், வைத்துக்கொண்டான். நிலோஜன் மாமனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றான். மணலைக் கொஞ்சம் அள்ளித் தேய்த்து, ஈர்க்கால் அடிப்பக்கத்தின் ஒவ்வொரு கானாக நோண்டி, பிறகு தண்ணீர். கிணற்றடியில் நடித்துக் காட்டிய அதே வரிசை. ஒருத்தரும் சிரிக்கவில்லை இப்போது. வீடியோக்காரன் மட்டும் நிறுத்தாமல் எடுத்துக்கொண்டு நின்றான். நல்ல நேரம் போகிறது, கெதியாக முடியுங்கள் என்று உதயரூபன் மணிக்கூட்டைப் பார்த்தார்.

முடித்துவிட்டு அவன் எழும்பி வாளியடிக்குப் போய், சவர்க்காரம் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவினான். துடைத்தான். திரும்பி வந்து செம்பை எடுத்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம், பிறகு தங்கச்சிக்குக் கலியாணம் முடிந்துவிடும் என்ற ஒரே நினைப்புத்தான் அதில் இருந்தது. வயலில் மழைக்கு முதல் நெற்கதிர்ச் சூட்டை மூடிவிட ஓடுகிறவனுக்கு இருக்கிற அதே முகம்.

மாப்பிள்ளை சப்பாத்துகளைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பலகையில் ஏறினான். சுதாகரன் குனிந்தான்.

“இல்லத் தம்பி,” என்றார் உதயரூபன். “அந்தக் கை வேணாம். இப்பதான் அதத் தொட்டது. தாலி கட்டப்போற பிள்ளைக்கு ஒரு மாதிரி இரிக்கும். வேற ஒரு தம்பிய விடுங்க. மோதிரத்தையும் அவருக்கே போடுவம்.”

நான் இதை இரண்டு தரம் நினைத்துப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டேன். கழுவ வைத்ததும் அவர்கள். கழுவின கை ஊத்தை என்றதும் அவர்கள்.

பெரியப்பன் மகன் ஜெயந்தன் பக்கத்தில் நின்றான். ஆரோ அவனை முன்னுக்குத் தள்ளினார்கள். தள்ளினால் வந்துவிடுவதா? வந்தான். கையை நீட்டினான். சுதாகரன் செம்பை அவன் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி, பந்தற்காலோடு போய் நின்றான். கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டான். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. சொந்தக் கையை ஒளித்துக்கொண்டு நின்றான்.

பெண் இருந்த அறையின் யன்னல் படிக்கு நேரே இருந்தது. நிருஷா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கூட இருந்தவர்கள் பிடித்திருக்கிறார்கள், அவள் நிற்கவில்லை. நெற்றிச்சுட்டியும் பூவுமாகப் படியில் இறங்கி வந்தாள். ஜெயந்தனின் கையிலிருந்து செம்பை வாங்கினாள். அவள் கேட்டு வாங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும், பறிக்கவில்லை. மாப்பிள்ளையின் முகத்தை நேரே பார்த்தாள்.

“அண்ணன்ட கை உங்களுக்கு வேணாமா?”

அவன் மாமனைப் பார்த்தான். “மாமா என்ன சொல்றாரெண்டா,” என்று தொடங்கினான்.

“மாமாட்டக் கேக்கல்ல. உங்களட்டக் கேக்கிறன்.”

“சும்மா பிரச்சினையாக்காதீங்க நிருஷா. எல்லாரும் பாக்கிறாங்க,” என்றான் நிலோஜன். “ஆர் கழுவினா என்ன, ஒண்டுதானே?”

அவள் செம்பைப் பலகையில், அவன் காலடியில் வைத்தாள். “ஒண்டெண்டா நீங்களே கழுவிக்கொள்ளுங்க,” என்றாள். “இது என்ட வீடு. அந்தக் கை கட்டின வீடு. அந்தக் கை ஆகாத ஆளுக்கு இந்த வீட்டில என்ன வேல?”

மேளகாரர் மேளத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். உதயரூபனுக்குக் கண் சிவந்தது. படுவான்கரைப் பெட்டையின் வாயைப் பாருங்கள் என்றார். இரங்கிச் செய்ய வந்த சம்பந்தம் என்றார். இன்னும் சொன்னவை இங்கே எழுதுகிற மாதிரி இல்லை. ஆச்சிப்பிள்ளை ஓடி வந்து கும்பிட்டாள். சுதாகரன் பந்தற்காலை விட்டு வந்தான். வந்து, என் கடவுளே, அவன் மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டான். தங்கச்சி சின்னப் பிள்ளை, கோபத்தில் பேசிவிட்டாள், ஜெயந்தனே கழுவட்டும், எனக்கொன்றுமில்லை என்றான். கையை இன்னும் பின்னால்தான் வைத்திருந்தான். தங்கச்சியைப் பார்த்து உள்ளே போ என்று அதட்டினான். அவள் அசையவில்லை.

அந்த நேரத்திலும் நிலோஜன் ஒன்று செய்திருக்கலாம். பலகையிலிருந்து இறங்கி, மச்சான் நீங்களே கழுவுங்கள் என்று சொல்லியிருந்தால் போதும். ஒரு சொல். அவன் அதைச் சொல்லவில்லை. மாமன் கையைப் பிடித்து இழுத்தார், அவன் இழுபட்டுப் போனான். சப்பாத்தை மறந்துவிட்டு வெறுங்காலோடு அந்த மணலில், எங்கே மிதிபடுமோ என்று ஒவ்வொரு அடியையும் குனிந்து பார்த்துப் பார்த்து நடந்தான். ஆகாது என்ற மாமனின் முறை அப்போது எங்கே போனதோ தெரியாது. வான்கள் திரும்பின. எழுத்துக்கு வந்து கதிரையில் இருந்த பதிவாளர் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினார்.

சமைத்ததை என்ன செய்வது? புது அரிசிச் சோறு, கிடாரம் கிடாரமாக. நான் அடுப்படிக்குப் போய் இலையைப் போடச் சொன்னேன். சனம் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டது. ஜெயந்தனும் இருந்து சாப்பிட்டான். இரண்டாம் தரம் பாயாசம் கேட்டான். முடிந்துவிட்டது என்று அவனுடைய முகத்துக்கு நேரே சொன்னேன். கிடாரத்தில் அரைவாசி கிடந்தது.

கொட்டிலுக்குப் பின்னால் அண்ணனும் தங்கச்சியும் பேசியதை நான் பானை கழுவிக்கொண்டு கேட்டேன். கேட்கக் கூடாதுதான். ஆனால் அவன் மெல்லப் பேசவில்லை.

“எல்லாத்தையும் முடிச்சிற்றன் புள்ள,” என்றான். “குனிஞ்சும் போட்டன். கழுவியும் போட்டன். இனி ஒரு செம்புத் தண்ணிதான் மிச்சம். அதுக்குள்ள வந்து எல்லாத்தையும் ஒண்டுமில்லாம ஆக்கிப்போட்டாய். நான் என்னத்துக்கு அங்க கிடந்து செத்தன்?”

“அதுக்குத்தான் வந்தன்.”

“எனக்கு அது பழக்கம்.”

“எனக்குப் பழக்கமில்லண்ணா,” என்றாள் நிருஷா. “இனிப் பழகவும் ஏலா. அந்தாள் தினமும் இந்தப் படியால ஏறி இறங்கும். நீ தினமும் கையப் பின்னால கட்டிக்கொண்டு நிப்பாய். நான் எந்தக் கண்ணால பாக்கிற?”

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வட்டைக்குப் போய்விட்டான். வேட்டியில் அந்தக் கறை இருந்தது. சாப்பிடவும் இல்லை.

பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது, பேச்சு இல்லை. சுதாகரன் வயற்காவல் வாடியில் படுத்தான். வந்தால் தாயிடம் சாப்பாட்டை வாங்கித் தின்றுவிட்டுப் போவான். தங்கச்சி இருக்கிற பக்கம் பார்க்க மாட்டான். ஊர் முழுக்க நிருஷாவைத்தான் பிழை சொன்னது. பெட்டைக்கு வாய் நீளம், இனி ஆர் வருவான், அண்ணன்காரன் பாவம். கடையில் ஒருத்தி என் முன்னாலேயே சொன்னாள். உன் புருஷனை மாப்பிள்ளையின் சப்பாத்தைக் கழுவ விடுவாயா என்று கேட்டேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை, எனக்கும் அது சுகம். ஆச்சிப்பிள்ளை அழுதழுது தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். நான்தானே சொன்னேன், நான்தானே அந்தக் கதையைச் சொன்னேன் என்று அதே புலம்பல். பெருமையைச் சொன்னது பிழையா என்று நான் அவளைத் தேற்றினேன். நிருஷா முன்பள்ளிக்குப் போனாள், வந்தாள். கண் வீங்கியிருக்கும், வாயைத் திறக்க மாட்டாள். அவளுக்கு மாப்பிள்ளை போன கவலை இல்லை. அண்ணன் பேசாததுதான் அவளைத் தின்றது. இனிமேல் அவன் தன்னோடு பேசவே மாட்டானா என்று ஒரு நாள் என் தோளில் சாய்ந்து கேட்டாள்.

அந்தச் சப்பாத்துகளை ஆச்சிப்பிள்ளை எடுத்துத் துடைத்து, ஒரு கடுதாசிப் பையில் போட்டுச் சுவர்த் தட்டில் வைத்திருந்தாள். ஆருடைய பொருளும் நமக்கு வேண்டாம் என்பது அவள் குணம்.

ஒரு பின்னேரம் றோட்டில் வான் வந்து நின்று கோண் அடித்தது. நானும் ஆச்சிப்பிள்ளையும் முற்றத்தில் நெல்லுக் காயப்போட்டுக்கொண்டிருந்தோம். நிருஷா கிணற்றடியில் நின்றாள். சுதாகரன் அப்போதுதான் வட்டையிலிருந்து உரப்பையோடு வந்திருந்தான். வானில் இருந்தவர் உதயரூபன். இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிக்கொண்டு, கொழும்புக் கடைக்காரன் நெருக்குகிறான், அந்தச் சப்பாத்தைத் தாருங்கள் என்றார். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மணலைப் பார்த்த பார்வையிலேயே ஏன் இறங்கவில்லை என்று எனக்கு விளங்கியது.

ஆச்சிப்பிள்ளை எழும்பினாள். அவளை இருக்கச் சொல்லிவிட்டுச் சுதாகரன் உள்ளே போனான். பையோடு வெளியே வந்தான். போன தடவை மாதிரி மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்றுதான் நான் நினைத்தேன். என் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவன் றோட்டுக்குப் போகவில்லை. வீட்டின் பின்கோடிப்பக்கம் திரும்பினான். அங்கே முற்றத்தில் மிஞ்சி அள்ளி ஒதுக்கின மணல் குவிந்து கிடந்தது, கறுப்பன் பேள்வது இப்போது அதில்தான். கறுப்பன் வாலை ஆட்டிக்கொண்டு பின்னால் போனது. சுதாகரன் நிலத்தைப் பார்த்து மெல்ல மெல்ல நடந்தான், ஒரு இடத்தில் குந்தினான். பையிலிருந்து சப்பாத்துகளை எடுத்தான். ஒன்றை நிலத்தில் வைத்து, குதியிலிருந்து விரல்வரை ஆற அமர அழுத்தினான். கொஞ்சம் திருகியும் விட்டான். மற்றதையும் அப்படியே. கான் எல்லாம் நிரம்பியதா என்று திருப்பிப் பார்த்தான். வெயிலில் பிடித்துப் பார்த்தான். வேலையில் அவன் எப்போதும் திறம்தான்.

பிறகு பையில் போட்டு, வாயை மடித்து, கொண்டுபோய் வான் கண்ணாடிக்குள் நீட்டினான்.

“வந்தபடியே இரிக்கி,” என்றான்.

உதயரூபன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வான் கிளம்பியது. மதகடி வளைவில் அது சட்டென்று நின்றதையும், கதவு திறந்ததையும், அந்த மனிதன் வேட்டியை உதறிக்கொண்டு குதித்ததையும் நான் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். நெல்லில் கோழி ஏறியது எனக்குத் தெரியவில்லை.

சுதாகரன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போனான். நிருஷா வாளிக்கு முன்னால் அப்படியே நின்றாள். அவன் இரண்டு கைகளையும் அவளுக்கு முன்னால் நீட்டினான்.

“தண்ணி ஊத்து புள்ள,” என்றான்.

அவள் செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றத் தொடங்கினாள். பாதி மணலில் சிந்தியது. அவன் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான், முடிந்தும் கையை எடுக்கவில்லை. அவள் மறுபடியும் மொண்டு ஊற்றினாள்.